பிஸ்கட்டுக்குத் தோண்டிய குழி

செப்டம்பர் 28

சர்ச் முடிந்து வெளியே வந்தால், காப்பி மேசைக்குப் பக்கத்தில் ஓர்லின் என் வீட்டுக்காரர் டெல்மரின் காதில் என்னவோ ஓதிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. இந்தப் பக்கத்தில் ஜேசிபி வைத்திருப்பவன் கிழட்டுக் குதிரை வைத்திருப்பவனிடம் செப்டம்பர் கடைசியில் குசுகுசுவென்று பேசினால், அது குழியைப் பற்றித்தான். நவம்பரில் பூமி உறைந்து இறுகிவிட்டால் கடப்பாரைகூட இறங்காது. குளிரில் குதிரை செத்தால் ஏப்ரல் வரை தார்ப்பாய் போட்டு மூடி, நரி வராமல் காவல் இருக்க வேண்டும். அதனால் குளிரைத் தாண்டாது என்று தோன்றுகிற குதிரைக்கு முன்கூட்டியே தோண்டி வைத்துவிடுகிறார்கள். புத்திசாலித்தனம்தான். எனக்கு அந்தப் புத்தி வேண்டாம்.

போன இரண்டு வருடமும் ஓர்லினை விரட்டிவிட்டேன். இந்த முறை டெல்மர் என்னைக் கேட்காமலே சரி சொல்லியிருக்கிறார்.

காரில் வரும்போது பிடித்துக்கொண்டேன். "யாரைக் கேட்டு சரின்னு சொன்னே?"

"பிஸ்கட்டுக்கு முப்பத்தொரு வயசு, ஆர்டிஸ். வாயில பல்லே இல்ல."

"உனக்கும்தான் இல்ல. உனக்கும் சேத்து ஒண்ணு தோண்டச் சொல்லவா?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ட்ரினா பன்னிரண்டு வயதில் தானே பழக்கிய குதிரை அது. என் மகள் போய் ஏழு வருடம் ஆகிறது. அவள் சட்டைகளைக் கொடுத்தாயிற்று. காரை விற்றாயிற்று. அவளுடையது என்று மூச்சு விடுகிற ஒன்றுதான் பாக்கி. அதற்குக் குழியா?

அக்டோபர் 4

தோண்டிவிட்டான். மேல் மேய்ச்சல் நிலத்தில், பைன் மரத்துக்கு அந்தப் பக்கம். நான் திரையை இழுத்துவிட்டு உள்ளே இருந்தேன். எந்திரச் சத்தம் நின்றபிறகு போய்ப் பார்த்தேன். தோண்டிய மண் உறையாமல் இருக்க அதன்மேல் வைக்கோல் பரப்பித் தார்ப்பாய் கட்டியிருக்கிறான், குழிமேல் பலகை அடுக்கியிருக்கிறான். நல்ல வேலைக்காரன். சபிக்கக்கூட முடியவில்லை.

இங்கே எழுதி வைக்கிறேன். ஏப்ரலில் இந்தக் குழியை வெறும் மண் போட்டு மூடுவேன். பிஸ்கட் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பான்.

அக்டோபர் 9

டாக்டர் ஹெய்டி வந்தாள். பிஸ்கட்டின் வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்து, கூர்மையாக நின்ற ஒரு பல்லை அரத்தால் ராவினாள். மற்றதெல்லாம் வழவழவென்று தேய்ந்துவிட்டதாம். அதனால்தான் காய்ந்த புல்லை மென்று மென்று உருண்டையாகக் கீழே போடுகிறான். லாயம் முழுக்க அந்த ஈர உருண்டைகள். தின்பது மாதிரி இருக்கும், ஒரு வாய்கூட உள்ளே போவதில்லை. மனிதருக்குப் பல் போனால் சொல் போச்சு என்பார்கள். குதிரைக்குப் பல் போனால் எல்லாமே போச்சு.

"இனிமே புல்ல நம்பாதீங்க. எல்லாம் கூழாத்தான் குடுக்கணும். கொஞ்சம் கொஞ்சமா, பல தடவை. நல்லா ஊற வைங்க, இல்லன்னா தொண்டையில அடைச்சிக்கும்" என்றாள்.

டெல்மர் வேலிக்கு அப்பால் கைத்தடியோடு நின்றுகொண்டிருந்தார். "வந்ததே வந்தீங்க, என் மேபல் வாயையும் பாத்துடுங்களேன்" என்றார்.

"அவளுக்கு இருபத்தாறுதான். கடிப்பா வேற. டாக்டருக்கு இன்னும் மூணு பண்ணை போகணும்" என்று நான்தான் சொன்னேன்.

மேபல் அவருடைய பெட்டைக்குதிரை. இடுப்பு எலும்பு மாற்றியதிலிருந்து அவர் அவள்மீது ஏறுவதில்லை, ஆனாலும் அவருடையவள்தான். பீப்பாய் மாதிரி உடம்பு. குதிரை குணமறிந்துதான் ஆண்டவன் கொம்பு வைக்கவில்லை என்பது அவளைப் பார்த்துச் சொன்னதாக இருக்கும்.

அக்டோபர் 12

கூழ்ப் பக்குவம் கைவந்துவிட்டது. சர்க்கரை பீட் சக்கை, குதிரை மசால் புல்லில் செய்த குச்சி, கிழட்டுக் குதிரைத் தீவனம், ஒரு கோப்பை ஆளிவிதை, கொஞ்சம் எண்ணெய். எல்லாம் வெந்நீரில் ஊறிக் குழைந்து, பார்க்க அசிங்கமாக, வாசனை அருமையாக இருக்கிறது. பிஸ்கட் முகம் முழுக்கப் பூசிக்கொண்டு தின்கிறான்.

டெல்மர் சொன்னது: "கொள்ளுன்னா வாயத் திறக்கும், கடிவாளம்னா மூடிக்கும். ட்ரினா ஏறப் போனப்பல்லாம் எப்படி ஓட்டம் காட்டினான், நெனப்பிருக்கா?"

அவர் ட்ரினாவின் பேரைச் சொல்லி எவ்வளவு நாளாயிற்று. நான் வாளியைக் கழுவப் போய்விட்டேன்.

அக்டோபர் 15

ஒரே தொல்லை. மேபல் தன் புல்லை விட்டுவிட்டு வந்து, பிஸ்கட்டைத் தள்ளிவிட்டு, கூழை உறிஞ்சிவிடுகிறாள். அவனும் பெரிய மனுஷன் மாதிரி ஒதுங்கி நிற்கிறான். இருபது வருடப் பழக்கம், ஒரே தொட்டியில் மூக்கை விட்டுத் தின்ற ஜோடி.

இன்றிலிருந்து அவனை லாயத்துக்குள் விட்டுக் கதவைத் தாழ்போட்டாயிற்று. மேபல் வெளியே, அவளுக்குப் புல் போடும் இரும்பு வளையத்தோடு. கதவை உதைத்தாள், கனைத்தாள். கனைக்கட்டும்.

நவம்பர் 6

எடை நாடாவை பிஸ்கட் மார்பைச் சுற்றிக் கட்டிப் பார்த்தேன். ஏறியிருக்கிறது! கொஞ்சம்தான், ஆனாலும் ஏறியிருக்கிறது. தினமும் போர்வைக்குள் கையை விட்டு விலா எலும்பைத் தடவிப் பார்க்கிறேன். குளிர்கால ரோமத்தை ஒருநாளும் நம்பக் கூடாது. கண் பொய் சொல்லும், கைதான் உண்மை சொல்லும். இதை நான் ஊரில் எத்தனை பேருக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன்.

நவம்பர் 8

மான் வேட்டைக்கு வந்த ஓர்லின் லாயத்தில் எட்டிப் பார்த்தான். "என்ன ஆர்டிஸ், இவன் என் குழிக்குத் துரோகம் பண்ணிடுவான் போலிருக்கே" என்றான். அந்தப் பயலைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

நவம்பர் 27

நன்றி செலுத்தும் திருநாள். வான்கோழி சின்னதாக ஒன்று. மேசையில் வைத்துவிட்டு, ஊற வைத்த கூழ் ஆறிவிடுமே என்று ஓடினேன். திரும்பி வரும்போது டெல்மர் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவியிருந்தார். என் தட்டின்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து வைத்திருந்தார். நின்றபடியே இரண்டு வாய் போட்டுக்கொண்டேன். பரவாயில்லை. பிஸ்கட் வாளியை நக்கிச் சுத்தம் செய்தான்.

டிசம்பர் 10

மேபல் புல்லை மிச்சம் வைக்கிறாள். நேற்றுப் போட்டதன்மேல் பனி விழுந்து, கலைக்காமல் அப்படியே கிடக்கிறது. கொழுப்பு. கூழ் ருசி கண்டுவிட்டாள், இனி புல் இறங்காது போல. வீணாக்குவானேன்? இன்றிலிருந்து பாதிதான் போடுகிறேன்.

டிசம்பர் 18

டெல்மர் சமையலறை ஜன்னல் பக்கமே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வெளியே ஐஸ், இந்த இடுப்போடு காலை வைக்கக் கூடாது.

"மேபல் லாயத்துக் கதவாண்டையே நிக்குறா, ஆர்டிஸ். காலையில இருந்து அங்கயேதான் நிக்குறா."

"காத்துக்கு மறைவா நிக்குறா. உனக்கு வேற வேலை இல்லையா?"

"அதான் இல்லையே" என்றார்.

டிசம்பர் 25

சர்ச்சுக்குப் போகவில்லை. ரோடு மோசம். பிஸ்கட்டுக்குக் கூழில் ஒரு ஆப்பிளைத் துருவிப் போட்டேன். ட்ரினாவும் கிறிஸ்துமஸுக்கு அப்படித்தான் செய்வாள்.

ஜனவரி 5

கொடுங்குளிர். வெந்நீர் லாயத்துக்குப் போவதற்குள் ஆறிவிடுகிறது. இரண்டு போர்வை போட்டேன் பிஸ்கட்டுக்கு. மேபலுக்குப் போர்வை கிடையாது. ரோமம் கரடி மாதிரி வளர்ந்திருக்கிறது, அவளுக்கு எதற்கு?

ஜனவரி 15

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

விடிந்ததும் மலையிலிருந்து சூடான காற்று இறங்கியது. வருடத்துக்கு ஓரிரு முறை வரும், ஒரே காலையில் பனியெல்லாம் தண்ணீராகிவிடும். கூரையிலிருந்து ஒழுகியது, பிறகு மழையே பெய்தது. நான் அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலில் இருந்து டெல்மர் கேட்டார்:

"ஆர்டிஸ், அது யாரு குதிரை?"

"எது?"

"கதவாண்ட நிக்குதே. அந்த எலும்புக்கூடு. யாருது?"

போய்ப் பார்த்தேன். மேபல். நனைந்த ரோமம் உடம்போடு ஒட்டிப்போய், விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. இடுப்பு எலும்பு இரண்டும் கோட் மாட்டும் கொக்கி போல நின்றன. முதுகு கூரை மாதிரி. ஐயோ. ஐயோ, நான் தினமும் அவளைத் தாண்டித்தானே போனேன். வாளியோடு அவளை இடித்துத் தள்ளிவிட்டு, நகருடி நகருடின்னு திட்டிக்கிட்டே போனேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவமேல கைய வச்சுப் பாத்தேனா?

ஜனவரி 16

ஹெய்டி வந்தாள். மேபலின் கடைவாய்ப் பல் ஒன்று பிளந்திருக்கிறது, எப்போது என்று தெரியவில்லை. ஆனால் அது மட்டும் காரணம் இல்லை என்றாள். தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"புல்லு கிட்ட போய் நின்னு தின்னாளா?"

"மிச்சம் வச்சா."

"தனியா இருந்தா சில குதிரைங்க தின்னாது, ஆர்டிஸ். அதுவும் வயசான ஜோடின்னா. கூட்டாளிய உள்ள அடைச்சா, கதவுகிட்டயே நின்னுகிட்டிருக்கும்."

தெரியும். எனக்குத் தெரியாததா? அறுபது வருடமாகக் குதிரை வளர்க்கிறேன். மிச்சம் வைக்கிறாள் என்று புல்லைக் குறைத்தேன். குறைத்ததனால் மிச்சமே தெரியவில்லை, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அழுத பிள்ளைக்குப் பால். இவளும் அழுதாள்தானே, கதவை உதைத்து உதைத்து அழுதாள். அதற்குக் கொழுப்பு என்று பேர் வைத்தேன்.

லாயத்துக் கதவைத் திறந்துவிட்டேன். மேபல் நேராக உள்ளே போய் பிஸ்கட்டின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள். கூழை முகர்ந்தாள், இரண்டு வாய் தின்றாள்.

ஜனவரி 17

அரை வாளி தின்றாள். பிஸ்கட் ஒதுங்கி நின்று விட்டுக்கொடுத்தான். நம்பிக்கை இருக்கிறது.

ஜனவரி 19

காலையில் மேபல் படுத்திருந்தாள். எழுப்பினால் எழுந்தாள், வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள், மறுபடி படுத்தாள். குடல் அடைப்பு. மெல்ல முடியாமல் விழுங்கிய புல், குடிக்காத தண்ணீர். ஹெய்டி குழாய் வைத்து எண்ணெய் இறக்கிப் பார்த்தாள், ஊசி போட்டாள். மதியத்துக்குப் பிறகு தலையை அசைத்தாள். வலு இல்லாத உடம்பு, தாங்காது, நிம்மதியாக அனுப்பிவிடலாம் என்றாள்.

டெல்மர் வருவேன் என்றார். ஐஸில் நடக்கக் கூடாது என்று நான் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். மேபலின் தலையை மடியில் வைத்துக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்தார். காதில் என்னவோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது.

ஓர்லின் ஜேசிபியோடு வந்து இறங்கினான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "பிஸ்கட் எங்க இருக்கான்?" என்று மெதுவாகக் கேட்டான்.

"பிஸ்கட் இல்ல. என்னோடவ" என்றார் டெல்மர்.

தார்ப்பாய்க்கு அடியில் மண் பொலபொலவென்று இருந்தது. குழி சரியாகப் போதுமானதாக இருந்தது.

ஜனவரி 20

அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டிவிட்டால் தேவலை.

ஜனவரி 24

பிஸ்கட் தின்னவில்லை. நேற்றும் இல்லை. வெல்லப்பாகு ஊற்றினேன், ஆப்பிள், கேரட் துருவல், புதினா மிட்டாய். முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறான். கதவு திறந்தேதான் இருக்கிறது. போய் மேல் நிலத்து வேலி ஓரம் நிற்கிறான். போர்வைக்குள் கையை விட்டேன். மூன்று மாதமாக ஏற்றியது கரைகிறது.

ட்ரினா, நான் என்ன செய்வேன்? சொல்லேன்.

ஜனவரி 29

இன்று பேசிவிட்டோம். பேச்சா அது. வாளியோடு மறுபடி கிளம்பினேன், டெல்மர் மேசையில் இருந்து கூப்பிட்டார்.

"சூப் ஆறுது. உக்காந்து சாப்பிடு."

"அவன் ஒண்ணும் தின்னல. எனக்கு எப்படி இறங்கும்?"

"ஏழு வருஷமா இதத்தான் சொல்றே. அப்ப அவ சாப்பிடலன்னே, இப்ப இவன்."

"ட்ரினாவை இதுல இழுக்காதே."

"நானா இழுக்கிறேன்? கடைசி மாசம் பூரா நீ கரண்டியும் கையுமா அவ கட்டில்கிட்டயே நின்னே. ஒரு வாய் தின்னுடி, ஒரு வாய் தின்னுடின்னு. அவளால முடியல, ஆர்டிஸ். உன் தப்பு இல்ல அது. ஆனா நீ அந்தக் கரண்டிய இன்னும் கீழ வைக்கல."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன். அவர் பொறுமையாக இருந்தார். பிறகு சொன்னார், குரலே உயர்த்தாமல்: "மேபல் என்ன கேட்டா? கூட நிக்க விடுன்னுதானே கேட்டா. வேற என்ன கேட்டா?"

அவர் எழுந்து போகும்போது பார்த்தேன், பெல்ட்டின் நுனி இடுப்பில் பாதி சுற்றி வந்து தொங்குகிறது. ஆணியால் அடித்த புது ஓட்டை ஒன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. எப்போது போட்டார்? கம்பளிச் சட்டைமேல் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார், நான் அவரையும் தாண்டித் தாண்டித்தான் போனேன்.

போய்ப் பின்னால் நின்று அவர் விலாவில் கையை வைத்தேன். அவர் அசையாமல் நின்றார். அழுதேன். மகள் செத்தபோதுகூட அவர் முன்னால் இப்படி அழுததில்லை.

ஜனவரி 30

மதியம் டெல்மர் தன் தட்டை எடுத்துக்கொண்டு, ஷூவுக்கு அடியில் ஐஸ் முள் மாட்டிக்கொண்டு, லாயத்துக்குக் கிளம்பிவிட்டார். உருளைக்கிழங்கும் மான் கறியும். நான் பின்னாலேயே கூழ் வாளியோடு போனேன். அவர் ஒரு பழைய வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, பிஸ்கட்டைப் பார்க்காமலே சாப்பிட ஆரம்பித்தார், சப்புக்கொட்டிக்கொண்டு.

"பல்லு இல்லாத பயலே, நீயும் நானும்தான் மிச்சம். வர்றியா, இல்ல நானே தின்னுடட்டுமா?"

பிஸ்கட் ரொம்ப நேரம் நின்றான். பிறகு வந்தான். முதலில் டெல்மரின் தட்டை முகர்ந்தான், பிறகு வாளியில் மூக்கை விட்டான். நான் பக்கத்திலேயே நின்றேன்.

"நிக்காத" என்றார் டெல்மர். "நின்னா அவனுக்குப் பயம். உக்காந்து நீயும் தின்னு."

எனக்குத் தட்டு கொண்டு வரவில்லை. அவர் தட்டிலிருந்தே சாப்பிட்டேன்.

பிப்ரவரி 11

மூவருக்கும் மதியச் சாப்பாடு லாயத்தில்தான். ஓர்லின் பார்த்துவிட்டு, "ஊருல ஒரு மாதிரி பேசிக்கறாங்க" என்றான். "பேசட்டும், உனக்கும் ஒரு வாளி கவுத்துப் போடவா?" என்றார் டெல்மர். உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனான்.

மார்ச் 19

கனவில் கதவு உதைக்கும் சத்தம். எழுந்து உட்கார்ந்தேன். ஒன்றும் இல்லை. இது என்னோடு இருக்கும், போகாது. போகவும் வேண்டாம்.

ஏப்ரல் 22

மேபல் இருக்கும் இடத்தில் மண் இறங்கிவிட்டது. ஓர்லின் இன்னும் கொஞ்சம் மண் கொண்டுவந்து கொட்டினான். அக்டோபரில் நான் எழுதி வைத்ததைப் புரட்டிப் பார்த்தேன். பிஸ்கட் பக்கத்தில் நின்று வேடிக்கைதான் பார்த்தான். அது மட்டும் பலித்தது.

செப்டம்பர் 27

இந்த வருடம் ஓர்லின் சர்ச்சில் எங்கள் பக்கமே வரவில்லை, பாவம். நானே போய் அவன் தோளைத் தட்டினேன்.

"எப்ப வர்றே?"

அவன் டெல்மரைப் பார்த்தான், டெல்மர் என்னைப் பார்த்தார்.

"மேபல் பக்கத்துல தோண்டு. ஒட்டினாப்புல. நடுவுல இடம் விடாத" என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் டெல்மர் கையை என் முழங்கால்மேல் வைத்திருந்தார். வந்து, கூழ் கரைத்து, சூப்பைச் சூடு பண்ணி, லாயத்துக்கு எடுத்துப் போனோம். பிஸ்கட்டின் விலாவில் கையை வைத்தேன். எலும்பு தெரிகிறது, போன மாதத்தைவிட அதிகமாக. தின்கிறான், ஆனால் மெதுவாக, நடுவில் நடுவில் நிறுத்தி எங்கள் இருவரையும் பார்த்துக்கொள்கிறான். இன்னொரு குளிரைத் தாண்ட மாட்டான் என்றுதான் நினைக்கிறேன்.

டெல்மர் தட்டை நீட்டினார். இன்னொரு கரண்டி ஊற்றினேன். எனக்கும் ஊற்றிக்கொண்டேன்.